இலத்தூர் மாடன் என்கிறவர்

இலத்தூர்,
9.6.2024

அன்புத் தம்பி குற்றாலீஸ்வரனுக்கு மாடன் அண்ணாச்சி எழுதிக்கொள்வது.

பிளந்து மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரத்தை ஒன்பது நிலையும் கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் பண்ணினார்களே, அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். உவைஸ் தன்னுடைய ரிக்கார்டிங் சென்டரில் இரண்டாவது டேப்ரிக்கார்டர் வாங்கி வைத்ததும் அந்த வருஷம்தான். என் மகள் வேல்விழி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் அப்போதுதான். ஆனியில் கும்பாபிஷேகம். ஆடியில், குற்றாலத்தில், நம்முடைய ‘சுருதிமாலை’ பாட்டுப் பத்திரிகையின் வாசகர் வட்டக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் நடந்ததன் மிச்சம்தான் இந்தக் கடிதம்.

எழுதுகிறது வேல்விழி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதாதே, பத்திரிகைத் தமிழில் எழுது என்று சொல்லியிருக்கிறேன். முன்பு நீ எழுதுவாயே, அதுபோல. போன் பண்ணலாம்தான். போனில் நீ "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் உன் வீட்டு மேசையில் கிடக்கும்.

நீ கோயம்புத்தூரில் மகனோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் வீட்டம்மா போன செய்தி எனக்குப் பிந்தித்தான் வந்தது. எனக்கு முட்டி போய்விட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று தடை வந்த நாளிலிருந்து தொழிலும் இல்லை. கை மட்டும் இன்னும் எண்ணெய் மினுமினுப்பாகவே இருப்பதாக வேல்விழி சொல்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உவைஸின் மகள் சனோபர் வந்தாள். அப்பாவின் கடையை இப்போது செல்போன் கடையாக நடத்துகிறாள். பத்திரிகை நின்று எவ்வளவோ வருஷமான பிறகும் பழைய வாசகர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் சேர்ந்திருக்கிறீர்களாமே. அடுத்த மாதம் குற்றாலத்தில் ஒன்றுகூடப் போகிறீர்களாம். அழைப்பிதழைச் செல்போனில் காட்டினாள். வேல்விழி வாசித்தாள். "இலத்தூர் மாடன் என்ற புனைபெயரில் எழுதி வாசகர் உள்ளங்களைக் கவர்ந்த திரு. குற்றாலீஸ்வரன் அவர்களுக்குப் பாராட்டு" என்று இருந்தது.

இன்னொரு தடவை வாசி என்றேன். வாசித்தாள்.

தம்பி, நான் புனைபெயரா? எனக்கு ரேஷன் கார்டு இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. பாட்டைக் கேட்டு நான் சொல்லுவேன், நீ பத்திரிகைக்கு எழுதுவாய். உவைஸ் கடையில், அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து. "இந்தப் பாட்டைப் பாடினவருக்குத் தோள் இறுகிக் கிடக்கிறது, யாராவது பிடித்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள்" என்று முதல் கடிதம் அச்சில் வந்தபோது நீதான் ஓடி வந்து வாசித்துக் காட்டினாய். "அண்ணாச்சி, இலத்தூர் மாடன்னு போட்டிருக்கான், ஊர் பேரோட போட்டிருக்கான்" என்றாய்.

எனக்கு மாலை வேண்டாம், மேடை வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து நீ ஒன்று சொல்ல வேண்டும். மாடன் என்கிறவன் இருக்கிறான், அவன் சொன்னான், நான் எழுதினேன் என்று. அவ்வளவுதான்.

உன் பதிலை வேல்விழி வாசித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
மாடன்


கோயம்புத்தூர்,
17.6.2024

பாசத்துக்குரிய மாடன் அண்ணாச்சிக்கு,

தங்கள் கடிதம் கண்டு கண் கலங்கினேன். கடிதம் என்று ஒன்று என் பெயருக்கு வந்து எத்தனை காலமாயிற்று. மருமகள் "யாரோ பெரியவர் எழுதியிருக்கார் மாமா" என்று கொண்டுவந்து கொடுத்தாள். வேல்விழியின் கையெழுத்து அழகாக இருக்கிறது, சொல்லுங்கள். எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. காலையில் நடை, மத்தியானம் மருந்து, சாயங்காலம் பேரனுக்குக் காவல். இப்படிப் போகிறது.

அழைப்பிதழ் என்னைக் கேட்டு அச்சிட்டது அல்ல, அண்ணாச்சி. குழுவில் இருக்கிறவர்கள் அவர்களாகப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் என்னை இன்றைக்கும் "இலத்தூர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் வட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமே, யாரும் யாரையும் பெயர் சொல்ல மாட்டோம், ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பண்ருட்டி இருக்கிறார், மணப்பாறை இருக்கிறார். காலையில் எழுந்ததும் "வணக்கம் இலத்தூர்" என்று வருகிற செய்தியில்தான் எனக்குப் பொழுது விடிகிறது. மகன் வீட்டில் நான் வெறும் தாத்தா. அங்கேதான் நான் ஓர் ஆள்.

இப்போது போய் மாற்றிச் சொன்னால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? முப்பது வருஷத்துக்கு மேலாகப் பொய் சொன்னான் என்பார்கள். யோசித்துப் பாருங்கள். சொன்னது நீங்கள் என்றால், எழுதினது நான். உங்கள் பேச்சை அப்படியே அச்சில் போட முடியுமா? கோத்து, திருத்தி, வெட்டி, ஒட்டி எழுதினது இந்தக் கை. இலத்தூர் மாடன் பாதி நீங்கள், பாதி நான். அன்றைக்கு மேடையில் நான் எழுந்ததும் உங்களைக் காப்பாற்றத்தான். அது உங்களுக்கே தெரியும்.

கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். மதியம் சாப்பாடு நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

என்றும் அன்புள்ள தம்பி,
குற்றாலீஸ்வரன்


இலத்தூர்,
24.6.2024

அன்புத் தம்பி குற்றாலீஸ்வரனுக்கு,

உன் கடிதத்தை வேல்விழி வாசித்தாள். சாப்பாடு நன்றாக இருக்கும் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மேலே வாசிட்டீ என்றேன். மேலே உன் பெயர்தான் இருந்தது.

காப்பாற்றினேன் என்கிறாய். அந்த நாளைச் சொல்கிறேன், எங்காவது தப்பியிருந்தால் திருத்து.

காலையில் மெயினருவிக் கரையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, தங்கக் கம்பி போட்ட மூக்குக்கண்ணாடி. நீதான் தூரத்தில் இருந்து ஜாடை காட்டினாய், பத்திரிகை ஆசிரியர் என்று. பக்கத்தில் வந்து காதில் சொன்னாய்: "அண்ணாச்சி, நீங்க யாருன்னு இப்ப சொல்லாதீங்க. சாயங்காலம் மேடையில பாத்து அசந்து போவட்டும்." எனக்கும் அது பிடித்திருந்தது. அவருக்கு எண்ணெய் தேய்த்தேன். கழுத்து கல்லாக இருந்தது. கழுத்தை இளக்கிவிட்டதும் "உன் கையில் என்னமோ இருக்கப்பா" என்றார். சாயங்காலம் தெரியும் ஐயா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரி பாலம்மாள் நீலம் போட்டு வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தேன். லாட்ஜ் மாடியில் கூட்டம். இரண்டாம் வரிசையில் நீ, பக்கத்தில் நான், எனக்கு அடுத்து உவைஸ். ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "நம் பத்திரிகையின் செல்லப் பிள்ளை இலத்தூர் மாடன் மேடைக்கு வரலாம்" என்றார். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்திருக்கப் போனேன். நீ என் தொடையில் கையை ஊன்றினாய். ஊன்றி, நீ எழுந்தாய்.

உன் கழுத்தில் மாலை விழுந்தது. எல்லாரும் தட்டினார்கள் என்று நானும் தட்டினேன். உவைஸ்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஓய் மாடன், உம்ம பேர்ல இன்னொருத்தன் மாலை வாங்குதான், நீரு கையத் தட்டுதீரு. கூறு இருக்கா வேய் உமக்கு?" என்றார்.

இறங்கி வந்து நீ சொன்னது: "காலையில அவரு முதுக நீங்க தேச்சிருக்கீங்க அண்ணாச்சி. இப்ப அதே கையால மாலைய வாங்கினா அவரு மனசு கோணிரும். வட்டத்துக்கே அசிங்கம்." நீதானே அவருக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னாய்? அசிங்கம் எங்கே இருந்து வந்தது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ எழுத மாட்டாய் என்று பயந்தேன். எழுதுகிறவன் கையில் அல்லவா என் வாய் இருந்தது.

பயந்தும் பிரயோசனம் இல்லை. அதற்குப் பிறகு நீ உவைஸ் கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டாய். ஆனால் இலத்தூர் மாடன் மட்டும் மாசாமாசம் எழுதிக்கொண்டே இருந்தான். உவைஸ் வாசித்துக் காட்டுவார். நான் கேட்காத பாட்டுக்கெல்லாம் நான் கருத்துச் சொல்லியிருந்தேன். போகட்டும் என்று இருந்தேன்.

ஆனால் ஒன்று எழுதினாயே தம்பி. "கோவில் கொடை விழாக்களில் அடிக்கும் நையாண்டி மேளம் வெறும் இரைச்சல், அதை ஒழித்தால்தான் இசை உருப்படும்" என்று. கீழே இலத்தூர் மாடன். உனக்கு அது ஒரு மாசத்து நாலு வரி. பாலம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் இசக்கிமணி யார்? நையாண்டி மேளத்தில் தவில். உன் வட்டத்தில் நான் இல்லாத ஆள். இங்கே ஊரில் அப்படி இல்லையே. மாடன் சொல்லித்தான் பத்திரிகையில் வருகிறது என்று தேர்முட்டி முதல் குளத்துக்கரை வரை தெரியும். யாரோ அந்தப் பக்கத்தைக் கிழித்து இசக்கிமணி மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். வாசலில் வந்து நின்றார். "என் சோத்துல மண்ணள்ளிப் போட உமக்குப் பத்திரிகை வேணுமோவே?" என்று மட்டும் கேட்டார். அது நான் சொன்னது இல்லை மச்சான், குற்றாலீஸ்வரன் தானாக எழுதினது என்றேன். "மத்ததெல்லாம் நீரு சொன்னது, இது மட்டும் அவன் எழுதினதாக்கும்" என்று திரும்பிப் போனார். அவர் சாகிறவரை எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பாலம்மாள் போனாள். பொம்பளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து மேலே விழ வேண்டும். அது விழாமல் பாடை எடுக்கிறது இல்லை. இசக்கிமணியின் மகன் சந்தோஷ்குமாருக்கு ஆள் விட்டோம். போலீஸில் இருக்கிறான், தென்காசியில்தான் வேலை. அவன் வரவில்லை. வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு, வேல்விழி தன் பெட்டியில் இருந்த புதுச்சேலையைப் போட்டாள். மகள் போட்டது கோடி ஆகுமா?

இதுதான் எனக்கு வேண்டியது. முதலில் வந்தவை எல்லாம் மாடன் சொன்னவை. குற்றாலத்துக் கூட்டத்துக்குப் பிறகு வந்தவை உன்னுடையவை. மேளத்தைப் பழித்தது நீ. இந்த மூன்றையும் நாலு பேர் முன்னால் உன் வாயால் சொல்ல வேண்டும். சீசன் பந்தோபஸ்துக்குச் சந்தோஷ்குமார் அருவியில்தான் நிற்பான். அவனையும் எப்படியாவது வரவழைக்கிறேன்.

இப்படிக்கு,
மாடன்


கோயம்புத்தூர்,
5.7.2024

பாசத்துக்குரிய அண்ணாச்சிக்கு,

மேள விஷயம் இவ்வளவு தூரம் போனது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. பாலம்மாள் மதினி எனக்கு எத்தனை தடவை கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தைப் படித்த அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

நீங்கள் கேட்டபடி மேடையில் உண்மையைச் சொல்கிறேன். உங்கள் மச்சான் மகன் காதுபடச் சொல்கிறேன். மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல், வேல்விழியைக் கூட்டிக்கொண்டு 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள்.

தம்பி,
குற்றாலீஸ்வரன்


கோயம்புத்தூர்,
26.7.2024

பாசத்துக்குரிய அண்ணாச்சிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். விழா முடிந்ததும் உங்களைத் தேடினேன், அதற்குள் போய்விட்டதாகச் சொன்னார்கள். குழுவில் நாலைந்து நாளாக உங்களைப் பற்றித்தான் பேச்சு. உங்கள் போட்டோவைப் போட்டு, "இலத்தூரின் புனைபெயருக்குச் சொந்தக்காரர்" என்று பண்ருட்டி எழுதியிருந்தார். நூற்றுக்கு மேல் பூங்கொத்து வந்திருக்கிறது. எல்லாம் செல்போனில் வருகிற பூங்கொத்துதான்.

வாக்குக் கொடுத்தபடி சொல்லிவிட்டேன், திருப்திதானே? பெயர் உங்களுடையது என்றேன், அது உண்மை. எழுதினது நான் என்றேன், அதுவும் உண்மை. மேளத்தைப் பற்றி எழுதினதும் நான்தான் என்று சொல்லி வருத்தம் தெரிவித்தேன். சந்தோஷ்குமார் பின்னால் நின்று கேட்டதைப் பார்த்தேன். முழுக்கச் சொல்ல ஆரம்பித்தால் அது வழக்கு மாதிரி ஆகிவிடும், கேட்கிறவர்களுக்கும் புரியாது என்று சுருக்கிக்கொண்டேன். நீங்கள் தப்பாக எடுக்க மாட்டீர்கள்.

போட்ட சால்வை சரிகை வேலைப்பாடு உள்ளது. துவைக்கக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுங்கள்.

அன்புத் தம்பி,
குற்றாலீஸ்வரன்


இலத்தூர்,
11.8.2024

திரு. குற்றாலீஸ்வரன் அவர்களுக்கு,

சால்வை வந்து சேர்ந்தது. நானும் வந்து சேர்ந்தேன்.

நீங்கள் முழுக்கச் சொல்லவில்லை, சுருக்கிக்கொண்டீர்கள். நான் அப்படிச் செய்யப் போவது இல்லை. வேல்விழிக்குக் கை வலித்தால் நிறுத்தி நிறுத்தி எழுதட்டும்.

மண்டபத்து வாசலில் நுழையும்போதே சத்தம். "ஏ சிவகாசி! தலை நரைச்சிட்டு" என்று ஒருவர் ஒருவரைக் கட்டிப்பிடிக்கிறார். "மணப்பாறை, முறுக்கு எங்கய்யா?" என்கிறார் இன்னொருவர். ஓர் அம்மா உங்களைப் பார்த்து "இலத்தூர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வந்தார்கள். இலத்தூரில் இருந்து பஸ் ஏறி வந்தவன் நான், அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றேன். பெயர் எழுதிக் கொடுக்கிற மேசையில் இருந்தவர் என்னிடம் "பெரியவரே, நீங்க எந்த ஊர் வாசகர்?" என்று கேட்டார். வேல்விழி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். குற்றாலீஸ்வரன் சொல்லட்டும் என்றிருந்தேன்.

சந்தோஷ்குமார் காக்கி உடுப்போடு கடைசித் தூணில் சாய்ந்து நின்றான். அஞ்சு நிமிஷம் என்று கேட்டு வந்திருந்தான்.

நீங்கள் மைக்கைப் பிடித்துப் பேசினதை நான் மறக்க மாட்டேன். எனக்கு எழுத்து இல்லை, அதனால் மறதியும் இல்லை. "எனக்கு ஒரு புனைபெயர் தேவைப்பட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இந்தப் பெரியவரின் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத இவருக்கு, தன் பெயர் தமிழ்நாடு முழுக்கப் போனது கூடத் தெரியாது" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புத்தான். எழுந்து நின்று தட்டினார்கள். என்னைக் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றிச் சால்வை போட்டீர்கள். ஓர் அம்மா என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, "நீங்க பாட்டெல்லாம் கேப்பீங்களா தாத்தா?" என்று கேட்டார்கள்.

"கேப்பேம்மா" என்றேன்.

மைக் என் முன்னால்தான் இருந்தது. சொல்லியிருக்கலாம் என்று வேல்விழி இன்றுவரை சண்டை போடுகிறாள். சால்வையோடு நிற்கிற கிழவன் "அதெல்லாம் நான் சொன்னதாக்கும்" என்றால் அதற்கும் அதே சிரிப்புத்தான் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஒரு நாளில் இரண்டு தடவை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே சந்தோஷ்குமார் வீட்டுக்கு வந்தான். உடுப்பை மாற்றி, குளித்து, வேட்டி கட்டி வந்திருந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே அரக்குக் கலரில் ஒரு சேலை. பாலம்மாள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. பிறகு என் பக்கம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, அப்பம் நீங்க ஒண்ணுமே சொல்லலையா? எல்லாம் அந்த ஆளு எழுதினதுதானா?" என்றான். "சும்மா பேர மட்டும் எடுத்துக்கிட்டானா? எங்கப்பா சாவுத வரைக்கும் உங்க பேரச் சொல்லிச் சொல்லிப் புழுங்கினாரு மாமா. நான் அத்தைக்குக் கோடி போடாம விட்டுட்டனே."

முதலில் வந்தது எல்லாம் நான் சொன்னதுதான், மேளத்தைப் பற்றி வந்தது மட்டும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அப்பாவிடம் இதே வாசலில் அதைத்தான் சொன்னேன். அவர் எப்படித் திரும்பிப் போனார் என்றும் தெரியும். பையனின் முகத்தைப் பார்த்தேன். அடுப்படி நிலையில் வேல்விழி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்று தாய்மாமன் பக்கம் இனி இருக்கிறது இவன் ஒருத்தன்.

"ஆமாலே" என்றேன். "நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்?"

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா மாமா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டான். ஞாயிறுதோறும் வருகிறான். போன வாரம் பிள்ளைகளையும் கூட்டி வந்தான். வீடு நிறைந்திருக்கிறது. இதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வேல்விழி சொல்கிறாள், சொல்லிவிட்டேன்.

பாதி நீங்கள், பாதி நான் என்று எழுதினீர்களே, இப்போது முழுக்க உங்களுக்கே ஆகிவிட்டது. என் வாயாலேயே எழுதிக் கொடுத்தாயிற்று. சனோபர் அந்தப் போட்டோவைக் காட்டினாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் கடிதம் வராது. இதன் கீழே பெயர் போட வேண்டாம் என்று வேல்விழியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதினால் தபால்காரருக்குக் குழப்பம்.

ஒன்று மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மர ஸ்டூலில் உட்கார்ந்து நான் பேசினதைக் காதால் கேட்டவர்கள் சில பேர்தான். உவைஸ் கேட்டார், மழையோடு மழையாகக் கடையநல்லூரில் அவரை அடக்கம் பண்ணி வந்தோம். எதிர்க்கடையில் இருந்து டீ கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்று கேட்கும் ஆவுடையம்மாள், கண் தெரியாமல் கிடந்து போனாள். தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து, நான் பேசி முடிக்கிறவரை ஓரமாக நின்று கேட்ட பாலம்மாளும் போனாள். வேல்விழிக்கு நான் சொல்லித் தெரியும், அவள் அப்போது சின்னப் பிள்ளை. நானே இல்லை என்று சொல்லிவிட்டதால் என்னைக் கணக்கில் சேர்க்க முடியாது. இலத்தூர் மாடன் என்று ஒருத்தன் பேசினான் என்பதற்குக் கண்ட சாட்சி, கேட்ட சாட்சி என்று இன்றைக்கு உயிரோடு இருக்கிற ஒரே ஆள், குற்றாலீஸ்வரன்.